முன்பே வரைந்து வைப்பதா, ஆடும்போதே வரைவதா: ஓவியப் பாணி கேம்களில் ரெண்டர் முறையைத் தேர்ந்து செயல்படுத்துவது எப்படி

ஓவியப் பாணியில் ஒரு கேம் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தீர்மானிப்பது கோடு எவ்வளவு தடிமன், நிழலுக்கு எத்தனை படி, வண்ணம் எவ்வளவு தட்டை என்பவற்றைத்தான். அந்தப் படம் எப்போது வரையப்படப் போகிறது என்ற கேள்வி பல மாதங்கள் கழித்தே எழுகிறது. அப்போது விடை மாறினால், செய்த வேலையில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்-ரெண்டர் என்றால், முப்பரிமாண மாடலை உங்கள் கணினியில் பொறுமையாக ரெண்டர் செய்து (அதாவது படமாக வரைய வைத்து), கிடைத்த படங்களை மட்டும் கேமுக்குள் வைப்பது. ஆடுபவரின் கருவி அந்தப் படங்களைத் திரையில் ஒட்டுகிறதே தவிர, மாடலை அறியாது. நிகழ்நேர ரெண்டர் என்றால், மாடலே கேமுக்குள் போய், ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், புதிதாக வரையப்படுவது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிநொடி, அதற்குள் ஒளி, நிழல், கோடு எல்லாம் முடிந்தாக வேண்டும். முன்-ரெண்டருக்கு அந்தக் கெடு இல்லை. ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆடுபவருக்கு அது தெரியப்போவதில்லை.

1994இல் ரேர் நிறுவனம் 'டாங்கி காங் கன்ட்ரி'யைச் செய்தபோது இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டது. விலையுயர்ந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் மாடல்களை ரெண்டர் செய்து, அவற்றை சூப்பர் நின்டெண்டோ கேம் கருவி தாங்கும் ஸ்பிரைட்டுகளாக, அதாவது சிறிய தட்டைப் படங்களாக, சுருக்கினார்கள். அந்தக் கருவியில் ஒரு ஸ்பிரைட் பாலெட்டுக்கு (வண்ணத் தொகுப்புக்கு) 15 வண்ணங்கள்தாம். முப்பரிமாணத்தில் அப்படி ஒரு கொரில்லாவை நினைத்த நேரத்தில் வரைய அந்தக் கருவியால் முடியாது. வரைந்து கொடுத்த கொரில்லாவைக் காட்ட முடியும். இன்று கருவிகளின் வேகம் பல மடங்கு கூடிவிட்டதால், வேகத்தை மட்டும் காரணமாக வைத்து முன்-ரெண்டரைத் தேர்வது குறைந்துவிட்டது. இப்போது காரணங்கள் வேறு.

முதலில் கேட்க வேண்டியது: ஆட்டத்தின் போது என்ன மாறும்?

ஒரு தாளை எடுத்து, திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: கேமரா அதைச் சுற்றுமா, ஒளி அதன்மேல் மாறுமா, அதன் உருவம் மாறுமா. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அந்தப் பொருளை முன்பே வரைந்து வைக்கலாம். கேமரா சுற்றும் என்றால் மற்ற இரண்டையும் பார்க்கவே தேவையில்லை, அது நிகழ்நேரம்தான். நடுவில் நிற்பவற்றில்தான் யோசனை தேவைப்படும்.

இந்தப் பட்டியலைப் பொருள்வாரியாகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கேம் முழுவதும் ஒரே முறையில் இருக்க வேண்டும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'ரெசிடென்ட் ஈவில்' (1996), 'ஃபைனல் ஃபேன்டஸி 7' (1997) இரண்டிலும் பின்னணிகள் முன்பே ரெண்டர் செய்தவை, அவற்றின்மேல் நடக்கும் மனிதர்கள் நிகழ்நேரத்தில் வரையப்பட்டவர்கள். 'டெட் செல்ஸ்' (2018) கதாபாத்திரங்கள் முப்பரிமாண மாடல்களிலிருந்து எடுத்த சிறிய பிக்சல் ஸ்பிரைட்டுகள்; ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பரப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்று சொல்லும் நார்மல் மேப்பும் கூடவே ஏற்றுமதி செய்யப்பட்டதால், அவற்றின்மேல் ஒளி அந்த நேரத்தில் விழுகிறது. உருவம் முன்பே உறைந்தது, ஒளி உயிருள்ளது. மிகச் சிறிய கலைக் குழுவால் அவ்வளவு அசைவுகளைச் செய்ய முடிந்ததற்கு இந்தப் பிரிப்பே காரணம் என்று நான் மதிப்பிடுகிறேன். கையால் பிக்சல் பிக்சலாக வரைந்திருந்தால் ஒரு வாளை மாற்றுவதற்குக்கூட எல்லா ஃபிரேம்களையும் மறுபடி தொட வேண்டியிருந்திருக்கும்.

நினைவகக் கணக்கு

பட்டியல் போட்ட பிறகு, முன்-ரெண்டர் என்று குறித்த ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உருவம் 256×256 பிக்சல் சட்டத்தில் நிற்கிறது என்று வையுங்கள். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 256 கிலோபைட். நிற்றல், நடத்தல், அடித்தல் என ஆறு அசைவுகள், ஒவ்வொன்றும் 12 ஃபிரேம், எட்டுத் திசைகள் என்றால் மொத்தம் 576 ஃபிரேம், 144 மெகாபைட். பிசி7 போன்ற டெக்ஸ்சர் (மாடலின்மேல் ஒட்டும் படம்) சுருக்க முறையில் பிக்சலுக்கு 1 பைட் ஆகும், அதாவது 36 மெகாபைட். நார்மல் மேப்பும் வேண்டுமானால் அது இரட்டிக்கும். திரையின் நுணுக்கம் இரு பக்கமும் இரட்டித்தால் நான்கு மடங்காகும். அதே கதாபாத்திரம் பத்தாயிரம் முனைகள் (வடிவத்தை அமைக்கும் புள்ளிகள்) கொண்ட மாடலாகவும் 1024×1024 டெக்ஸ்சராகவும் கேமுக்குள் இருந்தால், அசைவுத் தரவையும் சேர்த்துச் சில மெகாபைட்டில் முடிந்துவிடும்.

இதில் மறைந்திருக்கும் இன்னொரு பெருக்கம் உடைகளும் ஆயுதங்களும். மூன்று தலைக்கவசம், நான்கு வாள் என்றால் பன்னிரண்டு சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன 576 ஃபிரேம்களை ரெண்டர் செய்வது அறிவுடைமை ஆகாது. 'டயாப்லோ 2' (2000) உடலைத் தலை, மார்பு, கை, ஆயுதம் என்று தனித்தனி அடுக்குகளாக ரெண்டர் செய்து, ஆட்டத்தின்போது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. அந்த வழியில் போனால், ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்த அடுக்கு முன்னால், எது பின்னால் என்ற வரிசையையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். ஏனெனில் திரும்பி நிற்கும்போது வாள் உடலுக்குப் பின்னால் போய்விடும். கணக்கு உங்கள் இலக்குக் கருவியின் நினைவகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், நான் அந்தக் கதாபாத்திரத்தை நிகழ்நேரப் பட்டியலுக்கு மாற்றிவிடுவேன்.

முன்-ரெண்டர் செய்யும்போது

கேமராவை முதலில் பூட்டுங்கள். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கேம்களில் வழக்கமான 2:1 தளக்கட்டம் வேண்டுமானால், பார்வைக்குறுக்கம் இல்லாத ஆர்த்தோகிராஃபிக் கேமராவைத் தரையிலிருந்து 30 பாகை உயரத்தில், 45 பாகை திருப்பி வையுங்கள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் நேர் கீழே பார்ப்பதே 0 என்பதால், இந்த உயரம் எக்ஸ் அச்சுச் சுழற்சி 60 பாகை என்று வரும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். 1 அலகுப் பக்கமுள்ள சதுரத் தளம் 45 பாகை திரும்பியிருப்பதால் அதன் திரை அகலம் 1.414 அலகு. ஒரு தளத்துக்கு 128 பிக்சல் அகலம், படம் 512 பிக்சல் என்றால், நான்கு தளங்கள் சரியாக அடங்குமாறு கேமராவின் அளவு (ஆர்த்தோகிராஃபிக் ஸ்கேல்) 5.657 ஆக இருக்க வேண்டும். தோராயமாக வைத்தால் தளங்களுக்கு இடையே முடியிழை அளவு விரிசல் தெரியும். அதை எத்தனை முறை ஒட்டுப்போட்டாலும் திரை நகரும்போது மீண்டும் தெரியும்.

அடுத்து வண்ணம். பிளெண்டரின் இயல்பான காட்சி மாற்றம், 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ், ஒளிப்படத்தன்மைக்காக உருவானது. மிகையான ஒளியை மெல்ல மங்கவைத்து வெளுக்கச் செய்யும். தட்டையான சிவப்பை நீங்கள் தேர்ந்து வைத்திருந்தால், ரெண்டரில் அது வேறு சிவப்பாக வரும். ஸ்பிரைட்டுகளுக்கு அதை 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றிவிட்டு, ஒரு வண்ணப்பட்டையை ரெண்டர் செய்து, பாலெட்டில் உள்ள மதிப்பும் படத்தில் உள்ள மதிப்பும் ஒன்றுதானா என்று வண்ணமெடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விட்டால் முழு கேமும் வெளுத்த தோற்றத்தில் நிற்கும்.

பின்னணியை ஒளிபுகுவதாக வைத்து எடுத்த படங்களின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு தெரிவது இன்னொரு பொதுக் குறை. ஒளிபுகும் பிக்சல்களுக்கும் ஒரு வண்ண மதிப்பு உண்டு, அது பெரும்பாலும் கறுப்பு. ஸ்பிரைட் அரைப் பிக்சல் நகரும்போது கேம் எஞ்சின் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கிறது, கறுப்பும் கூடவே கலந்து வருகிறது. வண்ணத்தை ஒளிபுகும் அளவால் முன்பே பெருக்கி வைப்பது முதல் வழி. உருவத்தின் ஓர வண்ணத்தை வெளிப்பக்கம் சில பிக்சல் பரப்பிவிடுவது இரண்டாவது. எதைச் செய்தாலும் எஞ்சினின் கலப்பு அமைப்பும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். அட்லஸில் (பல படங்களை ஒன்றாக அடுக்கிய பெரிய படத்தில்) படங்களுக்கு இடையே குறைந்தது 2 பிக்சல் இடைவெளி விடுங்கள்.

இங்கே நான் கைசுட்டுக்கொண்ட ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டுத் திசைகளில் ஐந்தை மட்டும் ரெண்டர் செய்து, மீதி மூன்றைக் கண்ணாடிபோலத் திருப்பிக்கொண்டால் 576 ஃபிரேம் 360 ஆகக் குறையும் என்று கணக்குப் போட்டு, ஒரு கதாபாத்திரத்தை முழுவதும் அப்படியே முடித்தேன். கேமில் போட்டு இடமிருந்து வலமாக நடக்கவிட்டேன், அழகாக இருந்தது. திரும்பி நடக்கவிட்டபோது முகத்தின் ஒளிப்பக்கம் சட்டென்று மறுபுறம் தாவியது. இடப்பக்கத்துச் சூரியன் ஒரு ஃபிரேமில் வலப்பக்கம் போய் நின்றதுபோல் இருந்தது. இடக்கையில் இருந்த கேடயமும் வலக்கைக்கு மாறிவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் ரெண்டர் செய்தேன். கண்ணாடித் திருப்பம் வேண்டுமென்றால் ஒளியைத் தலைக்கு நேர்மேலிருந்தோ கேமரா இருக்கும் திசையிலிருந்தோ கொடுங்கள், உருவத்தையும் இருபுறமும் ஒத்ததாக வடிவமையுங்கள். நார்மல் மேப் பயன்படுத்தினால், படத்தைத் திருப்பும்போது அதன் கிடைத்திசை மதிப்பின் குறியையும் ஷேடரில் (பிக்சலின் வண்ணத்தைக் கணக்கிடும் நிரலில்) மாற்றுங்கள். படத்தை மட்டும் திருப்பினால் ஒளி எதிர்ப்பக்கத்தில் விழும்.

நிகழ்நேரத்தில் ஓவியம்போல் வரையச் செய்வது

2000இல் டிரீம்காஸ்ட் கேம் கருவியில் வந்த 'ஜெட் செட் ரேடியோ'வும், 2002இல் வந்த 'தி விண்ட் வேக்கர்' செல்டாவும் ஷேடிங்கைச் சில தட்டையான படிகளாக வெட்டிக் காட்டியபோது, நிகழ்நேர மாடலும் கார்ட்டூன்போலத் தோன்ற முடியும் என்பது பரவலாகத் தெரிந்தது. அடிப்படை எளிது: பரப்பின் திசைக்கும் ஒளியின் திசைக்கும் இடையிலான கோணத்தைக் கணக்கிட்டு, வரும் மதிப்பை ஒரு வரம்பில் வெட்டுவது. வெட்டைக் கூர்மையாக விட்டால் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும், அதிகம் மென்மையாக்கினால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும். மாற்றம் திரையில் ஏறக்குறைய 1 பிக்சல் அகலத்துக்குள் நடக்குமாறு ஷேடரில் அமைப்பது நல்லது. நிழலின் வண்ணங்களை ஒரு சிறு பட்டை டெக்ஸ்சரில் வைத்து எடுத்தால், அந்த டெக்ஸ்சர் ஓரத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்காதபடி பூட்டி, மிப்மேப்பையும் (தொலைவில் பயன்படும் சிறிய நகல்களையும்) அணைத்துவிடுங்கள். இவற்றைச் செய்யாவிட்டால் இருண்ட பகுதியின் நடுவே ஓர் ஒளிக்கீற்று தோன்றும். ஷேடரில் பிழை தேடி ஒரு நாள் போய்விடும்.

ஆனால் இவ்வளவு செய்தாலும் முகம் அசிங்கமாகவே இருக்கும். மூக்கின் ஓரம், கன்னம், கண்குழி என்று நிழல் துண்டுதுண்டாக விழும். ஓவியர் எவரும் அப்படி நிழல் போடமாட்டார். இந்தச் சிக்கலை மிகுந்த அக்கறையோடு தீர்த்தவர்கள் என்று நான் கருதுவது, 2014இல் அன்ரியல் எஞ்சின் 3இல் 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி'யைச் செய்த ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் கலைஞர்களைத்தான். அவர்கள் மாடலின் முனைகளில் உள்ள நார்மல்களைக் கையால் திருத்தினார்கள். பரப்பு உண்மையில் எப்படி வளைந்திருந்தாலும், நிழல் ஓவியர் விரும்பும் இடத்தில் விழும்படி பொய்யான திசைகளைக் கொடுத்தார்கள். கதாபாத்திரத்துக்கென்று தனி ஒளித்திசை வைத்தார்கள். முனைகளின் வண்ணத் தரவில் கோட்டின் தடிமனையும், எந்த இடம் எளிதில் நிழலுக்குள் போக வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்கள்.

அவர்களுடைய கோட்டு வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். உடையின் மடிப்பு, தசையின் பிளவு போன்ற உள்கோடுகளைச் சாதாரணமாக டெக்ஸ்சரில் வரைந்தால், கேமரா நெருங்கும்போது கோடு பிக்சலாக உடையும். அவர்கள் டெக்ஸ்சர் விரிப்பையே (மாடலின் பரப்பைத் தட்டையாக விரித்த வடிவத்தையே) கிடையாகவும் நெடுக்காகவும் நேராக்கிக்கொண்டார்கள். டெக்ஸ்சரில் கோடு ஒரு நேர்ப்பட்டை மட்டுமே. வளைவு முழுவதும் மாடலின் கண்ணிகளில் இருக்கிறது. நேர்ப்பட்டைக்குச் சாய்ந்த விளிம்பு கிடையாது என்பதால், முகத்துக்கு அருகே கேமரா போனாலும் கோடு மையில் வரைந்ததுபோல் நிற்கிறது. உங்கள் கேமில் நெருங்கிய காட்சிகள் இருந்தால் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. எப்போதும் தொலைவிலேயே நிற்கும் உருவத்துக்கு இது வீண்.

வெளிக்கோட்டுக்கு, மாடலின் நகலைச் சற்றுப் பெரிதாக்கி, அதன் பின்பக்கத்தை மட்டும் கறுப்பாக வரையும் பழைய உத்தியே இன்றும் நம்பகமானது. கூர்மையான விளிம்புகளில் நார்மல்கள் பிரிந்திருப்பதால் அங்கே கோடு வாய்பிளக்கும். சமனாக்கிய நார்மல்களைத் தனியாக ஒரு தரவுத்தடத்தில் சேமித்து, நகலை அவற்றின் திசையில் பெரிதாக்கினால் பிளவு மூடிவிடும். தடிமனைத் தொலைவுக்கேற்ப அளவிடவும் மறக்காதீர்கள்.

அசைவு விஷயத்தில் நிகழ்நேரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இரண்டு நிலைகளுக்கு நடுவே எல்லாவற்றையும் வழுவழுவென நிரப்பிவிடும். கையால் வரைந்த அனிமேஷனில் நொடிக்கு 24 ஃபிரேமில் ஒரு படம் இரண்டு ஃபிரேம் நிற்பது வழக்கம், அதாவது நொடிக்கு 12 படம். முன்-ரெண்டர் ஸ்பிரைட்டுகளில் இந்தத் துடிப்பு தானாக அமைந்துவிடுகிறது. நிகழ்நேரத்தில் அதை வேண்டுமென்றே செய்ய வேண்டும்: இடைநிரப்பலை அணைத்து, ஒரு நிலையை 60 ஃபிரேம் ஓட்டத்தில் 5 ஃபிரேம் பிடித்து வையுங்கள், உருவத்தின் இருப்பிடமும் பொத்தானுக்கான பதிலும் மட்டும் 60இலேயே ஓடட்டும். இருப்பிடத்தையும் சேர்த்து நிறுத்தினால், ஆடுபவர் அதைப் பாணி என்று எடுத்துக்கொள்ளமாட்டார், கருவி திணறுகிறது என்றே நினைப்பார்.

இரண்டும் ஒரே திரையில்

முன்-ரெண்டர் பின்னணியில் நிகழ்நேர உருவத்தை நடக்கவிடும்போது, அது தூணுக்குப் பின்னால் மறைய வேண்டும். பின்னணியோடு ஆழப்படத்தையும் (ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு என்று சொல்லும் படத்தையும்) ரெண்டர் செய்து, கேமில் வரையும்போது பிக்சலுக்குப் பிக்சல் அந்த ஆழத்தை எழுதிவிடுவது சீரான வழி. கேமராவின் கோணமும், அருகெல்லை தொலைவெல்லை மதிப்புகளும் இரண்டு மென்பொருளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வண்ணப்படத்தில் விளிம்பு மென்மையாக்கம் இருக்கலாம், ஆழப்படத்தில் கூடாது. தூணின் ஆழமும் சுவரின் ஆழமும் கலந்து சராசரியான ஒரு பிக்சல், வெற்றிடத்தில் மிதக்கும் தூசியாகத் தெரியும்.

பழைய கேம்களில், அறையில் இருக்கும் பத்துப் பெட்டிகளில் எது நகரும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நகரும் பெட்டி மட்டும் நிகழ்நேரத்தில் வரையப்பட்டு, நிழலில்லாமல் சற்று வெளிறி நிற்கும். அதைத் தவிர்க்க, பின்னணியின் ஒளியமைப்பிலிருந்து சில இடங்களின் ஒளி மதிப்புகளைச் சேமித்து நிகழ்நேர உருவங்களுக்குக் கொடுங்கள், காலடியில் ஒரு தொடுநிழலும் போடுங்கள்.

இடைக்காட்சிகளை வீடியோவாக வைப்பது பற்றி ஒன்றே ஒன்று. வழக்கமான வீடியோ சுருக்கம் வண்ணத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடுகிறது. ஒளிப்படத்தில் அது கண்ணில் படாது; நீலத்தின்மேல் மெல்லிய சிவப்புக் கோடு இருக்கும் ஓவியத்தில் கோடு கரைந்து வழியும். ஆடுபவர் மாற்றிய உடையும் வீடியோவில் இருக்காது. ஓவியப் பாணிக்கு இடைக்காட்சியை நிகழ்நேரத்தில் ஓட்டுவதே மேல்.

பின்னாளை நினைத்து

'தி விண்ட் வேக்கர்' 2013இல் உயர் நுணுக்கத்தில் மறுபடி வந்தபோது, அதே வடிவங்களைக் கூடுதல் பிக்சல்களில் வரைய முடிந்தது. 'ரெசிடென்ட் ஈவில்' 2002 மறுஆக்கம் 2015இல் அகலத்திரைக்கு வந்தபோதோ, 4:3 விகிதத்தில் ரெண்டர் செய்த பின்னணிகளின் மேலும் கீழும் வெட்டி, ஆடுபவரின் இடத்துக்கேற்பப் படத்தை மேல்கீழாக நகர்த்த வேண்டியிருந்தது. ஆகவே முன்-ரெண்டர் செய்பவர்கள் இறுதிப் படங்களை மட்டும் காப்பது போதாது. மாடல், டெக்ஸ்சர், ஒளியமைப்பு, மென்பொருளின் பதிப்பு எண், ரெண்டர் அமைப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் காப்பாற்றுங்கள். இன்று தேவைப்படும் நுணுக்கத்தைப் போல இரு மடங்கில் ஒரு முறை ரெண்டர் செய்தும் வையுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, ஒரே கதாபாத்திரத்தையும் ஒரே அறையையும் இரண்டு முறையிலும் செய்து பாருங்கள். நீங்கள் ஆதரிக்க நினைக்கும் கருவிகளில் மிகவும் மெதுவானதில் இரண்டையும் ஓட்டுங்கள். பிறகு மாடலில் சட்டையின் வண்ணத்தை மாற்றி, அந்த மாற்றம் கேமுக்குள் தெரியும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்-ரெண்டர் பக்கத்தில் அந்த நேரம் அரை நாளைத் தாண்டினால், ரெண்டர், வெட்டல், அட்லஸ் கட்டல், இறக்குமதி நான்கையும் ஒரே கட்டளையில் செய்யும் ஸ்கிரிப்ட்டை முதலில் எழுதிவிட்டு, இரண்டாவது கதாபாத்திரத்தை அதற்குப் பிறகே தொடங்குங்கள்.